எட்டு இல்லாத பேனல்

நாமக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் மடிக்கணினியோடு ஒரு பெண். அவள் பக்கத்தில் டூல் பையை மடியில் வைத்திருந்த எலக்ட்ரீசியன்.

"ஏனுங்க அம்மிணி, எட்டாம் நம்பர் வயரு எங்கீங்க? பேனல் பூராத் தேடிட்டனுங்க. ஏழு இருக்குது, ஒம்போது இருக்குது."

"எட்டே கெடையாதுங்ணா. நம்ம ஜவ்வரிசி ஃபேக்டரி முதலாளிக்கு எட்டு ஆகாதாமாங்க, சனி நம்பராம். வயரிங் டிராயிங் போடற சாஃப்ட்வேர்ல எட்டு, பதினெட்டு, இருவத்தெட்டு எல்லாத்தையும் தாண்டி நம்பர் போடற மாதிரி செட் பண்ணிட்டனுங்க."

"அதை ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? வயரைக் காணோம்னு அரை நாள் துழாவுனனுங்க."

புதுச்சத்திரம் தாண்டும்போது அவர் விரல்விட்டு ஏதோ எண்ணினார்.

"பதினேழு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்ணா. ஏனுங்க?"

"ஒண்ணையும் ஏழையும் கூட்டுங்க. முதலாளி கார் நம்பரையே கூட்டிப் பாத்துத்தான் வாங்குனாரு."

அவள் அவசரமாக மடிக்கணினியைத் திறந்தாள். "ஐயோ, இருவத்தாறும் வருதுங்ணா. டிராயிங் இன்னும் தொறக்கலைங்க, பதினேழாம் வயரு எதுக்குப் போகுதுங்க?"

"நாளைக்குப் பூசை போட்டுட்டு அவரு கையால அமுக்கப்போறாரே, அந்தப் பச்சை ஸ்டார்ட் பட்டனுக்குத்தானுங்க."