பார்த்த இடம்

டீச்சர்: ...அந்தப் பெஞ்சு ஆடும் சார். இப்படி நாற்காலியில உக்காருங்க.

தையல்காரர்: பரவாயில்ல டீச்சர். கடையைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்திருக்கேன். என்ன பண்ணினா எங்க வீட்டு வாயாடி?

டீச்சர்: ஒண்ணும் பண்ணல. ஆறாம் வகுப்புக்கு இப்போ உவமை நடத்தறேன். அவ நோட்டை உங்ககிட்ட காட்டணும்னு...

தையல்காரர்: உவமையா! நிலா போல முகம், பூப்போல பாதம்... எங்களுக்கும் நடத்தினாங்க.

டீச்சர்: அதெல்லாம் என் வகுப்புல செல்லாது. கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும். நோட்டுல மூணு கட்டம். எதைச் சொல்றே, எது மாதிரி, எங்கே பார்த்தே.

தையல்காரர்: அடேயப்பா, போலீஸ் விசாரணைதான்!

டீச்சர்: பசங்களும் அதையேதான் சொல்றாங்க. இதைப் படிங்க.

தையல்காரர்: "அப்பா சிரிப்பு... ஓட்டுத்தையல் மாதிரி. லேசா இழுத்தாப் பிரிஞ்சுடும். பார்த்த இடம், அப்பா கடை." ...ராங்கிக்காரி! அப்பனையே அளவெடுத்திருக்கா.

டீச்சர்: முழு மார்க் போட்டேன். ...அவங்க அம்மா எப்படி இருக்காங்க சார்?

தையல்காரர்: அவளுக்கென்ன. அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. லீவுக்குள்ள வந்துடுவா.

டீச்சர்: ரெண்டு மாசமாவா?

தையல்காரர்: அக்காவுக்கு உடம்பு... கொஞ்சம் சரியில்ல.

டீச்சர்: அடுத்த பக்கம் திருப்புங்க.

தையல்காரர்: "அம்மா கை... துவைச்சுத் துவைச்சு மெலிஞ்சுபோன தலையணை உறை மாதிரி. வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியுது." ...இது எப்பவோ எழுதினதா?

டீச்சர்: போன வியாழக்கிழமை. மூணாவது கட்டத்தையும் படிங்க.

தையல்காரர்: "மூணாம் மாடி... ஜன்னலோரக் கட்டில்."

டீச்சர்: சார்... இந்தாங்க, தண்ணி குடிங்க.

தையல்காரர்: அவ அம்மா ஆஸ்பத்திரியில இருக்கறதே அவளுக்குத் தெரியாது டீச்சர்! டாக்டர் கைவிரிச்சுட்டார். பதினொரு வயசுப் பிள்ளை... அந்தக் கோலத்துல பார்த்தா தாங்குவாளா? மனசைக் கல்லாக்கிட்டு தினமும் பொய் சொல்றேன். அவளும் "சரிப்பா"ன்னு தலையாட்டறா...

டீச்சர்: முதல் நாள் மட்டும்தான் அழுதா சார். அப்புறம் கட்டில் பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதறா. அவங்க அம்மா பிழை திருத்தறாங்க.

தையல்காரர்: உங்களுக்கெப்படி... யார் கூட்டிட்டுப் போனது?

டீச்சர்: நான்தான்.

தையல்காரர்: என்னைக் கேக்காமலா? பெத்தவன் நான் ஒருத்தன் இருக்கேனே!

டீச்சர்: கேட்டிருக்கணும். தப்புதான். ஆனா அவங்க அம்மாதான் நர்ஸ் போன்லேர்ந்து கூப்பிட்டாங்க. "என் பிள்ளையைக் கண்ணுல காட்டுங்க, அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்"னு.

தையல்காரர்: தினம் காலையில போய்ப் பார்க்கறேன்... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ.

டீச்சர்: ரெண்டு பேரும் பேசி வச்சு மறைச்சாங்க சார்.

தையல்காரர்: எதுக்கு?

டீச்சர்: "பிள்ளை தாங்கிடுவா, அவர்தான் தாங்க மாட்டார்"னாங்க.

தையல்காரர்: அப்போ... இன்னைக்கு மட்டும் ஏன் சொல்றீங்க?

டீச்சர்: மத்தியானம் மறுபடி கூப்பிட்டாங்க. குரலே எழும்பல. "இனிமே மறைக்க நேரமில்ல டீச்சர், ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பிடுங்க"ன்னாங்க... பிள்ளை பையை மாட்டிக்கிட்டு வெளியில நிக்கறா. போங்க சார்.