இன்னொருக்கா ஹோர்ன் அடியுங்கோ

அச்சுவேலி பஸ்ஸில் ஹோர்ன் அடித்தால் முதலில் காதைப் பொத்துகிற வீரன் நான். இன்றைக்கு முன்சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண், "றைவர் அண்ணை, இன்னொருக்கா அடியுங்கோ" என்றாள்.

"என்ன பிள்ளை, அடிக்காதை எண்டுதானே எல்லாரும் ஏசுறவை?"

"வயித்துக்குள்ளை இருக்கேக்கையே சி.எம்.வி எண்டொரு வைரஸ் தொத்தி, இவளுக்குக் காது கேக்கேல்லை அண்ணை. இப்பதான் ஆஸ்பத்திரியிலை மெசின் பூட்டிக்கொண்டு வாறம். நீங்கள் அடிக்கத் திடுக்கிட்ட மாதிரிக் கிடந்தது."

சாரதி நீட்டி அடித்தார். குழந்தை உதட்டைப் பிதுக்கி வீரிட்டு அழுதது.

"காணும் அண்ணை, பிள்ளை பயந்திட்டாள்" என்று பக்கத்தில் இருந்த கணவன் பதறினான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அழட்டுமப்பா. கேட்டுத்தானே அழுறாள்."