வெள்ளை ஜிக்குக்கு ஏற்ற முடி

வெள்ளை ஜிக்கை எல்லோரும் அவசரப்பட்டு இழுத்துக் கெடுத்துவிடுகிறார்கள். ஜிக் என்றால் பெரிய விஷயமில்லை, தூண்டிலில் கட்டும் போலி இரைதான்: ஈயத் தலை, ஒற்றைக் கொக்கி, அதைச் சுற்றிப் பாவாடை மாதிரி இழைகள். தண்ணீர்ப் புல்லுக்கு அப்பால் வீசி, மூழ்குவதற்குள் நூலைச் சுற்றத் தொடங்கி, கோலின் நுனியை உயர்த்தி லேசாக நடுங்கவிட்டபடி ஒரே சீராகக் கொண்டுவர வேண்டும். பாஸ் மீன் கவ்வியதும் வெடுக்கென்று சுண்டக் கூடாது. கனம் தெரியும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் என் படகின் பின்னிருக்கையில் உட்கார்ந்த ஹோய்ட் கிரேடிக்கு இது இன்றுவரை வரவில்லை.

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது, ஷெரீப். ஆனால் மீனை விட்டுவிட்டு இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க முடியாது.

போன ஏப்ரலில் நான் ஜிக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஹோய்ட் குனிந்து நூலைப் பல்லால் கடித்தான். அவனுடைய வெள்ளைத் தாடி முடிச்சுக்குள் சிக்கியது.

“டேய் வெர்லன், என்னையும் சேர்த்துக் கட்டிடாதடா” என்றான்.

நான்கைந்து முடி அதிலேயே தங்கிவிட்டது. அந்த ஜிக்கில்தான் ஒன்பது பவுண்டு மீன் ஏறியது. பிறகு சிலிகான் இழை, மான்வால், பாதிரியார் வீட்டு நாயின் முடி எல்லாம் கட்டிப் பார்த்தேன். எதுவும் சரிப்படவில்லை. ஹோய்ட்டின் முடி மட்டும் தண்ணீரில் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும். அவனும் தாராளமாகவே கொடுத்தான். “எடுத்துக்கோ. பல்லை மட்டும் கேட்டுடாத.”

இந்தச் சமயத்தில்தான் ஹோய்ட்டின் வாழ்க்கைக்குள் மோரீன் வந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் விதவை, நல்ல பெண். வாழைப்பழப் புட்டிங் பிரமாதமாகச் செய்வாள். ஒருநாள் படகில் ஹோய்ட் சொன்னான்: “கல்யாணத்துக்கு முன்னாடி தாடி போயிடணுமாம்டா. செரைச்சதும் மொத்தத்தையும் பையில போட்டு உனக்கே தந்துடறேன். அப்புறம், வசந்தகால மீன்பிடிப் போட்டியோட நான் நிறுத்திக்கறேன். சனிக்கிழமைல வீட்ல இருக்கணும்ங்கறா.”

மிகவும் சந்தோஷம் என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு, மோட்டாரில் ஒரு வயரைப் பார்க்கச் சொல்லி அவனைப் படகுக் கொட்டகைக்கு அழைத்து, வெளியே தாழ் போட்டேன். உள்ளே மின்விசிறி, கட்டில், ரேடியோ எல்லாம் உண்டு. என் இடத்திலிருந்து எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. கதவில் உள்ள சிறு திறப்பில் அவன் தாடையை நீட்டினால், பொரித்த கெளுத்தியும் சோள ரொட்டியும் கொடுப்பதாக ஏற்பாடு. இரண்டு நாள் அவனுக்குப் பசியில்லை போலிருக்கிறது. மூன்றாம் நாள் நீட்டினான். முழுவதையும் கத்தரித்தேன். நாற்பத்திரண்டு ஜிக் தேறியது.

சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வராததால் கேக் வீணாகக் கூடாதே என்று இரண்டு துண்டு சாப்பிட்டேன். மோரீன் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஹோய்ட்டை ஏரியில் தேடப் படகுகளைப் பிரித்து அனுப்பியது நான்தான். வடக்கே தண்ணீர்ப் புல் பக்கம் மட்டும் யாரும் மோட்டார் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அங்கே மீன் கூடியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை போட்டி. பின்னிருக்கையைக் காலியாக விட்டுப் போனேன். ஹோய்ட்டுக்காக எல்லோரும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஐந்து மீன், இருபத்தாறு பவுண்டு, முதல் இடம்.

கோப்பையோடு ஜிக்கையும் மேஜையில் வைத்திருந்தேன். மோரீன் அதை எடுத்துப் பார்த்தாள், பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். ஹோய்ட் தாடிக்குப் புதினா எண்ணெய் போடுவான்.

“இது அவரு தாடி” என்றாள். “வெர்லன், அவரை எங்கய்யா வெச்சிருக்க?”

கேட்டதும் சொல்லிவிட்டேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

கதவைத் திறந்தபோது ஹோய்ட் மெலிந்து, தாடையில் முள்ளுமுள்ளாக வெள்ளை முடியோடு நின்றான். முதலில் என்னைத்தான் பார்த்தான். “எவ்வளவு?” என்றான். இருபத்தாறு பவுண்டு என்றேன். தலையசைத்தான். அதற்குப் பிறகுதான் என் மூக்கை உடைத்தான்.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். “தாடிதான் மூணாம் நாளே போயிடுச்சே. கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அப்பவே விட்டிருக்கலாமே, எதுக்குய்யா மிச்ச பதினோரு நாளும் பூட்டி வெச்ச?”

யோசித்துப் பார்த்தேன். தினமும் மாலை நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவேன். திறப்பின் பலகையில் காய்களை அடுக்கி டொமினோ ஆடுவோம். முதலில் திட்டினான், பிறகு திட்டிக்கொண்டே ஆடினான். அவன் எப்போதும் போல ஏமாற்றினான், நான் எப்போதும் போல விட்டுக்கொடுத்தேன். இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் காரணம் அதுவல்ல, ஷெரீப். முடி திரும்ப வளருமா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.