வாளித் தண்ணீர்

காலை ஆறேகாலுக்கு வாளித் தண்ணீரை மாற்றுவேன். அந்த நேரத்தில் குடிநீர்க் குழாயில் தண்ணீர் தெளிவாக வரும். வாளியைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, கருவியின் முனையை அதில் இறக்குவேன். பழைய தண்ணீரில் பாசி பிடிக்கும். பாசி பிடித்தால் அளவு மாறிவிடும்.

நான் வேலை செய்தது பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் ஆலையில். கழிவுநீர்த் தொட்டிகள் என் பொறுப்பு. முறை எளிது. வரும் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஈயம் சேறாகி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை ஆற்றில் விடலாம். சேற்றைப் பிழிந்து கட்டியாக்கி, ஆற்றுப்பக்கம் போகாமல் அப்புறப்படுத்த வேண்டும். பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

சேறு பிழியும் இயந்திரம் உடைந்தது. தொட்டிகள் நிரம்பின. மேலாளரிடம் போனேன்.

“ஆலையை நிறுத்தணும் சார்.”

“நிறுத்திட்டு? எல்லாரும் வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பமா? புது மெஷின் வர்ற வரைக்கும் சமாளிங்க.”

சமாளித்தேன். தொட்டிகளைத் தொடாமல் நேரே ஆற்றுக்குப் போகும் பக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். நீர் வெளியேறும் வாயில் ஒரு கருவி உண்டு. அது காட்டும் கழிவின் அளவு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத் திரையில் ஒரு கோடாக ஓடும். அதன் முனையை வாளியில் வைத்தது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. கோடு நேராக ஓடியது.

ஈயம் உருக்கும் உலைக்காரன் மட்டும் ஒருமுறை கேட்டான். “என்னண்ணே, வாளியில மீன் வளக்கிறீங்களா?”

“ஆமா. பெருசானா உனக்கும் ஒண்ணு.”

புது இயந்திரம் வரவில்லை. முனையை எடுத்துவிட நினைத்ததுண்டு. எடுத்தால் கோடு செங்குத்தாக எகிறும். இதுவரை நேராக ஓடியது பொய் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் உண்மையாக இருந்தால் மற்ற எல்லா நாட்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் தண்ணீரை மாற்றினேன்.

ஆலையைத் தாண்டி ஆறு திரும்பும் இடத்தில் என் தங்கையின் வீடு. வீட்டை ஒட்டி அவள் கணவர் கீரை பயிரிடுகிறார். மோட்டார் வைத்து ஆற்றிலிருந்து பாய்ச்சுவார். வீட்டுக்குப் போக மிஞ்சுவது சந்தைக்குப் போகும்.

அவர்கள் மகளுக்கு நாலு வயது. வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். நான் போனால் மடியில் ஏறி உட்கார்ந்து ஓயாமல் பேசுவாள். பிறகு பேச்சு குறைந்தது. தெரிந்த சொற்களையே தேடினாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

பக்கத்துத் தெரு மருத்துவர் ரத்தம் குறைவு என்றார், கீரை கொடுக்கச் சொன்னார். ஈயமும் ரத்தத்தைக் குறைக்கும். வேலையில் சேர்ந்தபோதே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கீரை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று தங்கை கேட்பாள். அதற்கு வாளி வரை போகாமல் பதில் இல்லை.

“ரெண்டு வேளையும் குடுக்கட்டுமாண்ணா? நம்ம வீட்டுக் கீரைதானே.”

“டாக்டர் சொன்னபடி செய்மா.”

கவனியுங்கள். கொடு என்று நான் சொல்லவில்லை.

போன வாரம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. பெரிய மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈயம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. எங்கிருந்து உடம்புக்குள் போகிறது என்று தெரிந்து அதை நிறுத்தாவிட்டால் மருந்து கொடுத்தும் பயனில்லை, இன்னொரு வலிப்பைக் குழந்தை தாங்காது என்றார். சுவரில் அடித்த பெயின்ட், குழாய், பாத்திரம், பொம்மை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கை பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். குழந்தை என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். மாமா என்ற சொல் அவளுக்கு அகப்படவில்லை.

“ஆத்துத் தண்ணியா இருக்குமோ?” என்றார் மருத்துவர்.

“இருக்காது டாக்டர்” என்றாள் தங்கை. “ஆலையில அந்தத் தண்ணியைப் பாத்துக்கிறதே எங்க அண்ணன்தான். ஏதாவது இருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாரா?”

என் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுண்ணா.”