மாமா சொல்லாத முடிவு

மணி ஏழரை. ஆள் அரவமில்லாத சாலை. இரண்டு பக்கமும் மரங்கள்... ஒரு வீட்டு விளக்குகூடக் கண்ணில் படவில்லை. அந்தச் சாலையில் ஒரு பழைய கார் போய்க்கொண்டிருந்தது.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் தாய்மாமனுக்கு நடந்தது. மாமா ஊரறிந்த கதைசொல்லிதான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவர் இரண்டாம் முறை சொன்னதில்லை.

மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அழுகிற பிள்ளைகூட அவர் கதை தொடங்கினால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்கும்; வீடு வந்தாலும் இறங்காது. பேனாவைக் கையில் கொடுத்தால் மட்டும் நாலு வரி ஓடாது. எழுதுவதற்கென்றே அவருக்கு ஒரு பள்ளித் தோழர் இருந்தார். சட்டைப்பையில் எப்போதும் மைக்கறை. அதனால் பட்டப்பெயர் மைக்கூடு. மாமா சொல்வார், மைக்கூடு எழுதுவார். நகமும் சதையும் என்பார்களே, அப்படி.

இருவருமாகச் சேர்ந்து ஒரு நாவல். படகோட்டியின் மகள் ஒருத்தி அக்கரைக்குப் போகிறாள். திரும்புவாளா மாட்டாளா என்பதுதான் கதை. அதை எழுதிய விதம்தான் விசித்திரம். விடுமுறை வந்தால் போதும், பெரிய எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளைத் தேடிக் காரில் கிளம்பிவிடுவார்கள். அந்த எழுத்தாளர் எழுதிய அறையில் நின்று மாமா ஓர் அத்தியாயம் சொல்வார். மைக்கூடு அங்கேயே உட்கார்ந்து எழுதுவார். ஒரு வீட்டுக்கு ஓர் அத்தியாயம். முடிவைப் பற்றி மட்டும் மாமா யாரிடமும் மூச்சுவிடவில்லை, மைக்கூட்டிடம்கூட. அது கடைசி வீட்டுக்கு. அட்டையில் தன் பெயரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்... மனிதருக்கு வேறு ஆசை கிடையாது.

அன்று போனது அந்தக் கடைசி வீட்டுக்கு.

காவல்காரம்மா கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஈரச் சுவரின் வாசனை. அதோடு இன்னொன்று... இப்போதுதான் யாரோ திறந்து வைத்த மைப்புட்டியின் வாசனை.

“மாடியிலதான் அவரு எழுதுன ரூம். பாத்துட்டு வாங்க. பக்கத்து ரூம் பூட்டியிருக்கும். அதுல ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாத ரூமுக்கு எதுக்கும்மா பூட்டு?” என்றார் மாமா.

“ஒண்ணுமில்லாதது வெளிய வந்துடக் கூடாதுல்ல.”

அந்த அம்மா சிரிக்கவில்லை.

மாடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தூசி படிந்த அலமாரி. மைக்கூடு தரையில் உட்கார்ந்து தாள்களை மடியில் வைத்துக்கொண்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

கிறீச்... கிறீச்...

பேனா தாளில் ஓடும் சத்தம். மாமா நிறுத்தினார். சத்தமும் நின்றது. இன்னொரு வாக்கியம் சொன்னார். மறுபடி கிறீச்... கிறீச்... குனிந்து பார்த்தார். மைக்கூடு தன் பேனாவின் மூடியை இன்னும் கழற்றவே இல்லை.

சத்தம் பூட்டிய அறையிலிருந்து வந்தது.

பிறகு ஒரு குரல். சளி கட்டிய, வயதான, பொறுமையான குரல்.

“யாரு பேரு போடணும்?”

காவல்காரம்மாவின் வீட்டுக்காரர் விளையாடுகிறார் என்றுதான் மாமா நினைத்தார். “ரெண்டு பேரு பேரையும் போடுங்க சாமி!” என்றார் சிரித்துக்கொண்டே.

அப்புறம்...

“அட்டையில ஒண்ணுதானே இருக்கு.”

மாமா திரும்பினார். மைக்கூட்டின் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோயிற்று.

“அட்டை அடிச்சாச்சாடா?”

மைக்கூடு தரையைப் பார்த்தார். “பதிப்பகத்துல... ஒரு பேரு இருந்தா போதும்னாங்க. சொல்லலாம்னுதான் இருந்தேன்டா.”

மாமா அறையைவிட்டு வெளியே வந்தார். பக்கத்து அறைக் கதவில் பூட்டு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நினைக்க அவருக்கு மனதில் இடமில்லை. படியில் இறங்கும்போது மைக்கூடு பின்னால் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று மாமா ஒரு நொடி நின்றார்.

“முடிவை மட்டும் சொல்லிட்டுப் போயிடுடா!”

மாமா காரை எடுத்தார். தனியாக.

அதே சாலை. அதே மரங்கள். கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே... முடிவு தன்னோடு சாகட்டும் என்று தீர்மானித்தார். ஆனாலும் கதைசொல்லியின் வாய் அல்லவா? ஒருவர் காதிலும் விழாமல் ஒரு கதை சாவதா என்று மனம் கேட்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, யாருமில்லாத காருக்குள், முடிவை ஒரே ஒருமுறை உரக்கச் சொன்னார். பாதியில் எதிரே ஒரு லாரி கண்ணைக் கூசவைத்துக்கொண்டு வந்தது. அதை ஒரு வசவு வைதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தார்.

பின் இருக்கையில் ஏதோ உரசிக்கொண்டே வந்தது. சீட் பெல்ட் என்று நினைத்துக்கொண்டார். காருக்குள் மை வாசனை அடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் மைக்கூட்டிடமிருந்து போன்.

“கோவத்துல போனாலும் எழுதி மேசை மேல வச்சுட்டுத்தான் போயிருக்க. ராத்திரி இங்கேயே திண்ணையில படுத்துட்டு, காலையில மாடிக்குப் போய்ப் பாத்தேன், மைகூடக் காயல. நீதான்டா நண்பன்!”

மாமாவுக்கு நாலு வரி எழுத வராது என்பது மைக்கூட்டுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே எடுத்துக்கொண்டார்.

“பேய்கூட எழுதுறவன் பக்கந்தான்டா” என்று மாமா என் நண்பனிடம் ஒருமுறை சொன்னாராம். அன்றிலிருந்து வேனில் கதை கிடையாது. பிள்ளைகள் கெஞ்சினால் ரேடியோவைப் போட்டுவிடுவார்.

புத்தகம் வந்தது. அட்டையில் ஒரே பெயர். மாமா கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். காரில் தான் சொன்னதில் ஒரு சொல்கூட மாறவில்லை.

“துடுப்பைக் கீழே வைத்தாள். அக்கரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். லைட்டைக் குறைடா, பாவி. பிறகு கரையேறி நடந்தாள்.”