வேரைச் சுற்றிய வெள்ளை நூல்

– கையை உதறாதீங்க, முழுசாக் கேளுங்க. கண்ணாடி அறையில இருக்கிற அந்த ஒத்தச் செடியோட வேரை நான் கழுவிட்டேங்க.

– தண்ணியிலதானே?

– பூஞ்சை மருந்துல! தொட்டி விரிசல் விட்டிருந்துச்சு, மாத்தலாம்னு எடுத்தேன். வேர் பூரா வெள்ளை வெள்ளையா நூல் படர்ந்திருந்துச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடி தக்காளி நாத்துப் பண்ணையில எட்டு வருஷம் அதைத்தானே செஞ்சேன்? வெள்ளையைப் பார்த்தா மருந்துல முக்கு, பழைய மண்ணைக் கொட்டு, புது மண்ணு போடு. கை தானா செஞ்சிருச்சு.

– சரி விடு, நிதானம். செடி நல்லாத்தானே நிக்குது?

– நாலு நாள் நிக்கும்! இப்பத்தான் டைரக்டரம்மா கண்ணாடி அறைக்கு வெளிய நின்னு காலேஜ் பசங்களுக்குச் சொல்லிட்டிருந்தாங்க. இதுக்கு இலையும் கிடையாது, பச்சையும் கிடையாது, சொந்தமா சமைச்சுக்கத் தெரியாதாம். அந்த வெள்ளைப் பூஞ்சைதான் பக்கத்துல நிக்கிற மரக்கன்னு வேர்லருந்து வாங்கி வாங்கி ஊட்டுதாம். "மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்"னாங்க. நான் வாளியும் கையுமா நிக்கிறேன். மேஸ்திரின்னு இருக்கீங்களே, நான் சேர்ந்த அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

– எனக்கும் பின்னாடிதான் தெரியும். யாராவது பார்த்தாங்களா?

– அதுவா இப்போ கேள்வி? பழைய மண்ணு இன்னும் இருக்குங்க! அதுல அந்தப் பூஞ்சை உசிரோட இருக்கும், திரும்பப் போட்டா செடி பிழைச்சுக்கும். ஆனா மண்ணை வேகவைக்கிற பெட்டிக்குள்ள மூட்டையாப் போட்டு மூடியாச்சு, தானா பூட்டிக்கிச்சு. நாலு மணி அடிச்சா ஆவி தானா ஏறிடும், பூஞ்சையும் வெந்து செத்துரும். இப்ப மணி மூணே முக்கால்.

– அப்போ போய்த் திற.

– சாவி டைரக்டரம்மா இடுப்புலல்ல இருக்கு? வேகாத மண்ணு ஒரு பிடிகூட வெளிய போகக் கூடாதுன்னு வேற யார்கிட்டயும் தர்றதில்லையே. சொல்லித்தான் ஆகணும். தள்ளுங்க.

– ஏம்மா, உக்காரு. சொன்ன நிமிஷமே வேலை போயிடும்.

– போகட்டும்!

– இங்க வேலை பார்த்த உங்கண்ணனுக்கு ஆனது மறந்துபோச்சா?

– எப்படிங்க மறக்கும்? இதே செடி நாப்பது செத்துச்சு. "நீதான் வெளியிலருந்து நோயைக் கொண்டுவந்து கொன்னே"ன்னு வாசல்ல வச்சே துரத்தினாங்க. நான் இல்ல, நான் இல்லன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். ரெண்டு வருஷமா ஒரே அறையில கிடக்கான், யார் முகத்தையும் பார்க்கிறதில்ல. எனக்கும் அதே கதி வந்துருமோன்னு பயமாத்தான் இருக்கு, பொய் சொல்லல. அதுக்காக இதையும் சாக விடவா?

– செத்தா நோயில செத்துச்சுன்னு எழுதிடுவாங்க. யாரும் தோண்டித் துருவ மாட்டாங்க. அன்னிக்கும் துருவல.

– என்ன பேச்சு பேசுறீங்க? தப்பு பண்ணினவ நான், வேர்த்துக் கொட்டுறது உங்களுக்கு! இன்னும் பத்து நிமிஷம்தாங்க இருக்கு. கதவை விடுங்க!

– போகாத, சொன்னாக் கேளு. மருந்துல கழுவினதை நீ வாயைத் திறந்து சொன்னா, அந்த நாப்பதும் எப்படிச் செத்துச்சுன்னு அந்தம்மா புரிஞ்சுக்குவாங்க.

– புரிஞ்சுக்கட்டுமே! அண்ணன் மேல இருக்கிற பழி தீரும்ல? உங்களுக்கு எதுக்குங்க பயம்?

– உங்கண்ணன் அன்னிக்கு மத்தியானம் சாப்பிடப் போயிருந்தான். அந்த நாப்பதையும் மருந்துல முக்கினது நான்தான்.