கண்ணுக்குத் தெரியாத வேகம்

“அக்கா கல்யாணத்த நான்தான் கெடுத்தேன், அண்ணே.”

கிள்ளானில் ரயில் ஏறியதும், எனக்கு எதிரே நின்றவர் தம்மோடு வேலை செய்பவரிடம் சொன்னார்.

“என்ன லா சொல்ற?”

“கம்ப்யூட்டர்ல ரேம் ஸ்பீட ஏத்திவிட்டேன். கேம் நல்லா ஓடிச்சு, அதான் ரேம் தப்பில்லாம வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணல. அதுலயே கல்யாண வீடியோவ காப்பி பண்ணிட்டு, பழைய டிஸ்க்க அழிச்சிட்டேன்.”

“வீடியோ ஓடலயா?”

“ஓடுது. அப்பா தாரை வார்க்கிற எடத்துல மட்டும் கட்டம் கட்டமா உடைஞ்சி போவுது. ஸ்பீட ஏத்துனதுல காப்பி தப்பா பதிஞ்சிருச்சு.”

“அடடா... அப்பா இருந்த ஒரே வீடியோவா?”

“ஆமாண்ணே. அடுத்த வாரம் அவரு திதி. அன்னைக்கு டிவில போடணும்னு அக்கா சொல்லியிருக்கு.”

ஷா ஆலம் ஸ்டேஷன் வந்ததும் அண்ணன் கேட்டார்.

“அப்படி எவ்வளவு ஸ்பீடு கூடிச்சு?”

“கண்ணுக்கே தெரியல லா.”